குழி இல்லாத படிக்கட்டு

"முடிச்ச ஆட்டத்தையே எதுக்குடா திரும்பத் திரும்ப ஆடுற? வேற சோலி இல்லையா?"

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சித்தப்பா இப்படிக் கேட்டபோது எனக்குப் பத்து வயது. திரையில் சிவப்புத் தொப்பிக்காரன் ஓடிக்கொண்டிருந்தான். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடம் கழித்தும் அந்தக் கேள்வி ஓயவில்லை, கேட்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

படித்தவர்கள் இதை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்பது ஒன்று. உன்னை இழுப்பது ஆட்டமே இல்லை, தொலைந்துபோன சிறுவயது என்பது இன்னொன்று. இதைச் சொல்கிறவர்கள் பரிவோடுதான் சொல்கிறார்கள். கேம் என்பதே பிள்ளைகளைக் கெடுக்கும் போதை, அதில் கலையைத் தேடுவது வீண் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் முழுத் தவறு என்பது என் கட்சி. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மறைக்காமல் சொல்லிவிட்டு மீதியை மறுப்பேன்.

நான் பேசுவது சூப்பர் மேரியோ பிரதர்ஸ் பற்றி. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தன் ஃபேமிகாம் வீடியோ கேம் பெட்டிக்காக 1985 செப்டம்பர் 13 அன்று அதை வெளியிட்டது. வடிவமைத்தவர்கள் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும். இசை கோஜி கொண்டோ. எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு ஸ்டேஜ், ஆக மொத்தம் 32. இவ்வளவும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியிருக்கிறது. இன்று கைப்பேசிக்கு வரும் காலை வணக்கப் படம் ஒன்றே பெரும்பாலும் அதைவிடப் பெரிது. இடம் அவ்வளவு நெருக்கடி என்பதால் வானத்து மேகத்துக்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே படத்தைத்தான் போட்டார்கள். நிறம் மட்டும் வேறு.

எங்கள் தெருவுக்கு அது அசல் பெட்டியில் வரவில்லை. ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகளில், தொண்ணூறுகளில், மஞ்சள் கேசட்டாக வந்தது. கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டங்களே வேறு வேறு பெயரில் சுற்றி வரும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதிவிட்டுச் செருகுவோம். ஆடிய இடத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. கரண்ட் போனால், எட்டாவது உலகத்தில் நின்றாலும் மறுபடி முதலிலிருந்துதான். கரண்ட் போகாத சாயங்காலம் எங்களுக்கு அபூர்வம். அதனால், 1-1 என்று திரையில் காட்டும் அந்த முதல் ஸ்டேஜ் வழியாக நான் போனதற்குக் கணக்கே கிடையாது. என் வாதம் முழுக்க அந்தப் போக்குவரத்தில் கற்றதுதான்.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்கிறவர்கள் மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ திருவிழாக் காலத்தில் ஒரு ராத்திரி வந்து உட்கார வேண்டும். வள்ளி திருமணம் நாடகம் விடிய விடிய நடக்கும். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922-இல். நூறு வருடத்துக்கு மேலாயிற்று. வள்ளி யாருக்கு மாலை போடப்போகிறாள் என்பது பாய் விரித்து முன்னால் படுத்திருக்கும் பொடியனுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் ஒருவரும் எழுந்து போவதில்லை. நாரதர் இன்றைக்கு எப்படித் தர்க்கம் பண்ணப்போகிறார், வள்ளி எந்த இடத்தில் அவரை மடக்கப்போகிறாள் என்று காத்திருக்கிறார்கள். கதை தெரிந்தவருக்குத்தான் அந்தத் தர்க்கம் ருசிக்கும். அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்பு அடங்கியபிறகுதான், நடக்கிற விதம் கண்ணில் படுகிறது.

மேரியோவிலும் அப்படித்தான். முதல் தடவை ஆடுகிறவர் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே இருப்பார். பாதையைப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? அந்தப் பாதை எப்படி அமைந்திருக்கிறது என்று ஒருமுறை நடந்து பார்ப்போம்.

1-1 தொடங்கும்போது மேரியோ திரையின் இடது ஓரத்தில் வலப்பக்கம் பார்த்து நிற்கிறான். எதிரே வெற்றிடம். அம்புக்குறி இல்லை, ஒரு வரி விளக்கம் இல்லை. கை தானாக வலப்பக்கம் நகர்த்தும். கொஞ்சம் போனால் தலைக்கு மேல் கேள்விக்குறி போட்ட பெட்டி ஒன்று மின்னுகிறது. எதிரே பழுப்பு நிறத்தில் ஒரு உருவம் முறைத்துக்கொண்டு வருகிறது. அதன் பெயர் கூம்பா. சும்மா நின்றால் அது மோதி உயிர் போகும். போனாலும் பெரிய நஷ்டமில்லை. ஆட்டம் தொடங்கிச் சில வினாடிதான் ஆகியிருக்கும். தாவினால் அதைத் தாண்டிவிடலாம், இல்லையென்றால் அதன் தலையில் இறங்கி நசுக்கலாம், அதுவும் இல்லையென்றால் பெட்டியில் தலை இடித்துக் காசு வரும். தாவும் பொத்தான் ஒன்று எத்தனை வேலை செய்யும் என்பது முதல் திரையிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆட்டத்தின் எதிரிகளில் கூம்பா கடைசியாகப் பிறந்தது. அதற்கு முன்னால் செய்து வைத்திருந்த ஆமையை மிதித்தால் ஓட்டுக்குள் சுருங்கும்; பிறகு அந்த ஓட்டை உதைக்க வேண்டும். புதிதாக வருகிறவருக்கு இது சிரமம் என்று கண்ட பிறகு, ஒரே மிதியில் ஒழிகிற எதிரி ஒன்றைச் செய்து வாசலில் நிறுத்தினார்கள். நமக்கு முதலில் எதிர்ப்படுவதை அவர்கள் கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள்.

அடுத்து குழாய்கள். முதல் குழாய் இரண்டு கல் உயரம், அடுத்தது மூன்று, அதற்கடுத்தது நான்கு. பொத்தானை அழுத்திப் பிடிக்கப் பிடிக்கத் தாவும் உயரம் கூடும் என்பதை அந்த மூன்று குழாய்களும் வரிசையாகச் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. ஸ்டேஜின் பிற்பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள். ஒன்றின் உச்சியிலிருந்து மற்றதன் உச்சிக்குத் தாவ வேண்டும். நடுவில் தரை இருக்கிறது. தவறினால் விழுந்த இடத்திலிருந்து ஏறி வந்துவிடலாம். கொஞ்சம் தள்ளி மறுபடியும் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள். இந்த முறை நடுவில் குழி.

குழி இல்லாத அந்த முதல் படிக்கட்டு அங்கே எதற்கு நிற்கிறது என்று சின்ன வயதில் நான் யோசித்ததே இல்லை. ஆபத்தில்லாத இடம் என்று வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். பெரியவனாகித் திரும்ப ஆடிய ஒரு நாளில்தான் அது ஒத்திகை என்று விளங்கிற்று. விழுந்தாலும் சாகாத இடத்தில் ஒரு தடவை தாவவிட்டு, அப்புறம்தான் குழியைக் காட்டுகிறார்கள். நல்ல வாத்தியார் ஒருவர் முகம் காட்டாமல் அந்தக் கற்களுக்குப் பின்னால் நிற்கிறார். ஒரே தடவை ஆடிவிட்டுப் போகிறவருக்கு அவர் தென்படவே மாட்டார்.

இப்படி வாய் திறக்காமல் வழி காட்டுகிற கைத்திறன் மதுரைக்காரருக்கு அந்நியம் இல்லை. மீனாட்சியம்மன் கோவிலுக்கு அஷ்டசக்தி மண்டபம் வழியாகப் போகிறவர்கள் பொற்றாமரைக் குளத்துக்கு முன்னால் முதலிப்பிள்ளை மண்டபத்தைக் கடந்தாக வேண்டும். இருட்டு மண்டபம் என்றே அதற்கு இன்னொரு பெயர் உண்டு. அந்த இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குக் குளமும் வெளிச்சமும் அதற்கப்பால் தெற்குக் கோபுரமும் சட்டென்று திறக்கும். நின்று பார் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. ஜனம் தானாக நிற்கிறது. வாரம் தவறாமல் போகிறவரிடம் "அதான் பார்த்தாச்சே" என்று யாரும் சொல்வதில்லை. கோவிலையும் விளையாட்டையும் நான் சமமாக்கவில்லை. சாமி கும்பிடப் போகிறவரின் காரணம் வேறு. ஆனால் நடக்கிறவரின் காலையும் கண்ணையும் முன்கூட்டியே நினைத்துப் பாதை அமைப்பது ஒரு கலை என்பதைக் கல்லில் ஒத்துக்கொள்கிற நாம், திரையில் மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள மறுக்கிறோம்?

உடனே ஒரு எதிர்வாதம் வரும். பாதை தெரிந்துவிட்டால் அப்புறம் வெறும் மனப்பாடம்தானே, கை தானாக ஆடுகிறது, மூளைக்கு என்ன வேலை என்பார்கள். மேரியோவை நடத்தியும் ஓட்டியும் பார்த்தவர் இதைச் சொல்ல மாட்டார். நடந்து போகிறவருக்கு ஒரு கல் அகலப் பள்ளம் பள்ளம்தான். ஓடும் பொத்தானை அழுத்தி முழு வேகத்தில் வருகிறவன் தாவாமலேயே அதன் மேல் ஓடிப்போய்விடுவான். வேகம் மாறினால் எதிரிகள் எதிர்ப்படும் இடமும் மாறும். கற்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஆடுகிறவர் தேறத் தேற அந்த ஸ்டேஜ் வேறு ஸ்டேஜாகிறது. குறுக்கு வழிகளின் துணையோடு இந்த ஆட்டத்தை வேகமாக முடிக்கும் உலகப் போட்டியில், 4 நிமிடம் 55 வினாடி என்ற எல்லை உடைந்தது 2021-இல். ஆட்டம் வந்து 35 வருடம் ஆன பிறகும் அதே கற்களுக்கு நடுவே மிச்சம் பிடிக்க ஒரு கண நேரம் கிடைத்திருக்கிறது.

இன்னும் ஒன்று. திரும்ப ஆடுவதை வீண் என்கிறவர்களுக்கு ஆட்டத்தைச் செய்தவர்களே பதில் வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் உலகத்தின் மூன்றாம் ஸ்டேஜ், முதல் உலகத்தின் மூன்றாம் ஸ்டேஜேதான். நகரும் மேடைகளின் அகலத்தைக் குறைத்து, பக்கத்திலிருந்து பாய்ந்து வரும் குண்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். 2-2 இன்னும் கடுமையாகி 7-2 ஆகிறது. 2-3-உம் அதேபோலக் கடுமையாகி 7-3 ஆகிறது. முதல் உலகத்துக் கோட்டை ஸ்டேஜ் ஆறாம் உலகத்தில் கூடுதல் நெருப்போடு திரும்பி வருகிறது. இடப் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எதுவானாலும் ஆடுகிறவர் அடைவது ஒன்றுதான்: வந்த இடத்துக்கே தேர்ந்தவராகத் திரும்பி வருகிறார். 32 ஸ்டேஜும் முடிந்த பிறகுகூட இன்னொரு சுற்று ஆடச் சொல்லி அழைக்கிறது ஆட்டம். அதில் கூம்பா இருந்த இடமெல்லாம், நெருப்புக்கும் அசையாத ஓடு கொண்ட வண்டுகள் நிற்கும். திரும்ப ஆடுவது இந்த ஆட்டத்துக்குள்ளேயே கட்டிவைத்திருக்கும் ஒன்று.

இந்த முறையை நம் பிள்ளைகள் ஜப்பானிடம் கற்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் கரித்துண்டால் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடுவார்கள். முதல் கட்டத்தில் சில்லைப் போட்டு, அதை மிதிக்காமல் தாண்டி, ஒற்றைக் காலில் நொண்டிப் போய்த் திரும்ப வேண்டும். கோட்டை மிதித்தால் அவுட். அடுத்த சுற்றில் சில்லு இரண்டாம் கட்டத்துக்குப் போகும், அப்புறம் மூன்றாவதுக்கு. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு "ரைட்டா? ரைட்டா?" என்று கேட்டுக் கேட்டுக் கால் வைக்க வேண்டும். கட்டங்கள் மாறவே இல்லை. அவற்றைக் கடக்கிற விதம் மட்டும் சுற்றுக்குச் சுற்று கடினமாகிறது. மேடை தாவும் ஆட்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் அகழாய்வு செய்தபோது பழங்கால வட்டச் சில்லுகளும் பகடைகளும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. வைகைக் கரையில் அந்தச் சில்லைக் கையில் எடுத்தவரிடம் "நேத்துதான் ஆடினியே" என்று யார் கேட்டிருப்பார்கள்?

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன்: இழுப்பது ஆட்டம் இல்லை, பழைய நினைவுதான் என்பது. நினைவு இல்லை என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. அந்த இசை கேட்டால் செல்லூர் வீட்டின் சிவப்புத் தரையும் மண்ணெண்ணெய் விளக்கும் எனக்கு ஞாபகம் வரும். ஆனால் நினைவு மட்டுமே காரணம் என்றால் அந்த மஞ்சள் கேசட்டில் இருந்த மற்ற ஆட்டங்களையும் நான் தேடிப் போயிருக்க வேண்டும். அதே கூடம், அதே வயது, அதே சாயங்காலம்தானே? அவற்றில் பலவற்றின் பெயர்கூட மறந்துவிட்டது.

இதற்கு இன்னும் வலுவான சாட்சி உண்டு. 1986-இல் ஜப்பானில் இதன் இரண்டாம் பாகம் வந்தது. மேரியோ அதே மேரியோ. ஆமையும் குழாயும் கொடிக்கம்பமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஆனால் சாப்பிட்டால் கெடுதல் செய்யும் விஷக் காளான் வந்தது. முன்னால் கொண்டுபோக வேண்டிய குறுக்கு வழிகளில் சில, பின்னால் இருக்கும் உலகத்தில் கொண்டுபோய்த் தள்ளின. நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை அது அளவுக்கு மீறிக் கடினம் என்று கருதியது. அங்கே 1988-இல் இரண்டாம் பாகம் என்று போனது வேறொரு ஆட்டத்தை மாற்றிச் செய்தது. ஒரே பாத்திரம், ஒரே படம் இருந்தும் ஜப்பானில் வந்த அந்த இரண்டு ஆட்டங்களும் மனசில் உட்காரும் விதம் வேறு வேறு. வித்தியாசம் முழுக்கக் கற்களை அடுக்கிய முறையில் இருக்கிறது. முதல் ஆட்டம் நம்மை நம்ப வைத்துச் சொல்லிக்கொடுக்கிறது. இரண்டாவது அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கிறது.

எந்த நினைவும் இல்லாத ஒருத்தியையும் சாட்சிக்கு அழைக்கிறேன். அக்கா மகளுக்கு ஒன்பது வயது. போன கோடை விடுமுறையில் வந்திருந்தபோது பழைய ஆட்டங்களைப் போட்ட சின்னப் பெட்டி ஒன்றை டிவியில் மாட்டி அவள் கையில் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. முதல் கூம்பாவிடம் செத்தாள். இரண்டாம் முறை தாவினாள். தலை இடித்துக் காசு வந்தது. அடுத்த பெட்டியை முட்டினாள். காளான் வெளியே வந்து வலப்பக்கம் நகர்ந்தது. அதையும் எதிரி என்றே நினைத்துப் பின்வாங்கினாள். காளான் குழாயில் மோதித் திரும்பி அவளை நோக்கி வந்தது. தப்பிக்கத் தாவினாள். மேலே இருந்த கல்லில் தலை இடித்துக் காளானின் மேலேயே விழுந்தாள்.

"மாமா, நான் பெருசாயிட்டேன்!"

அந்தக் குழாய் அங்கே நின்றதும், மேலே கற்கள் அந்த உயரத்தில் இருந்ததும் இதற்காகத்தான். காளானைக் கண்டு பயந்து ஓடுகிறவரையும் அது நல்லது என்று கண்டுகொள்ள வைப்பது தன் நோக்கம் என்று மியாமோட்டோ பின்னாளில் விளக்கியிருக்கிறார். ஏறக்குறைய 40 வருடத்துக்கு முன்னால் கட்டம் போட்ட தாளில் கியோட்டோவில் போட்ட கணக்கு, செல்லூரில் ஒரு பிள்ளையிடம் பிசகாமல் பலித்ததை நான் உட்கார்ந்து பார்த்தேன். இதில் பழைய நினைவுக்கு எங்கே இடம்?

கடைசி வாதம் போதை பற்றியது. இதைச் சொல்கிறவர்களின் பயத்தை நான் மதிக்கிறேன். இணையச் சூதாட்டத்தில் பணத்தை இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாடு வரிசையாகப் படித்தது. அதைத் தொடர்ந்து 2022-இல் சட்டமன்றம் கொண்டுவந்த சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது; பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025-இல் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. இரண்டும் வேண்டியவைதான். காசு கட்டத் தேவையில்லாத ஆட்டங்களிலும், விடவே கூடாது என்று திட்டமிட்டுச் செய்தவை இருக்கின்றன. ஓட ஓடப் பாதை நீண்டுகொண்டே போகும். முடிவு என்பதே கிடையாது. நடுவில் விளம்பரம் வரும். நாளைக்கும் வந்தால் பரிசு என்று இழுக்கும். பிள்ளையின் கையிலிருந்து அதைப் பிடுங்குகிற தாயிடம் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

என் வழக்கு, எல்லாவற்றையும் 'கேம்' என்ற ஒரே மூட்டையில் கட்டுவதோடுதான். மேரியோவுக்கு முடிவு உண்டு. ஸ்டேஜ் முடிந்தால் கொடி இறங்கும், ஆட்டம் மூச்சுவிட இடம் கொடுக்கும். நாளைக்கு வா என்று கூப்பிடாது, காசு கேட்காது. தோற்றால் நம் தாவல் பிசகியிருக்கும். பரமபதத்தில் தாயம் கொண்டுபோய்ப் பாம்பு வாயில் விடுவதைப் போல விதியின்மேல் பழி போட முடியாது. சாராயக் கடையும் பழச்சாறுக் கடையும் கண்ணாடித் தம்ளரில்தான் தருகின்றன என்பதால் இரண்டையும் ஒரே கடை என்பாரா யாராவது? இப்படி ஒன்றாகக் கட்டுவதில் தீமையும் இருக்கிறது. எது நன்றாகச் செய்யப்பட்டது, எது பையைக் காலி செய்யச் செய்யப்பட்டது என்று பிரித்துப் பார்க்கும் கண் பிள்ளைகளுக்கு வாய்க்காமலே போய்விடுகிறது. அந்தக் கண் இருந்தால்தானே கெட்டதை அவர்களாகவே அடையாளம் கண்டு ஒதுக்குவார்கள்?

அந்தக் கண் ஒரே ஆட்டத்தைத் திரும்ப ஆடினால்தான் வரும். தினம் புது ஆட்டம் மாற்றுகிற பிள்ளை எதையும் நின்று பார்க்காது. அதனால் பெற்றவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பத்து ஆட்டம் இறக்கிக் கொடுக்காதீர்கள், நல்லதாக ஒன்றைக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஆடுங்கள். ஸ்டேஜ் முடிந்ததும் "இந்தக் குழாய் ஏன் இங்கே இருக்கு?" என்று கேளுங்கள்.

நான் கேட்டேன். அக்கா மகள் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கட்டம் போட்ட கணக்கு நோட்டில், தானே ஒரு ஸ்டேஜ் வரைந்து கொண்டுவந்தாள். இடது ஓரத்தில் ஒரு சின்ன ஆள், பக்கம் முழுக்கக் கற்கள், நடுவில் கறுப்பாகத் தீட்டிய பெரிய குழி. அதற்கு முன்னால் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள், நடுவே தரை.

"இங்கதான் குழியே இல்லையே, படி எதுக்கு?" என்றேன்.

"ஆடுறவங்க முதல்ல பழக வேணாமா மாமா?"

சித்தப்பா இன்று இல்லை. இருந்திருந்தால் அந்த நோட்டைத்தான் அவரிடம் கொடுத்திருப்பேன்.